அம்மா சொன்ன மாப்பிள்ளை

அக்டோபர் 6, திங்கள்

பட்டாசு லோடு இறக்கிவிட்டு மாமா சாப்பிட வந்தார். தன் தம்பியை "ஏலே" என்றே கூப்பிடும் அம்மா, இன்று, "உக்காருங்க மாப்பிள்ளை, சோறு போடவா?" என்றாள்.

"என்னக்கா, புதுசா மருவாதை?"

"மகளக் கட்டப்போறவுகள ஏலேன்னு சொல்லலாமா?"

மணப்பிள்ளைதான் மாப்பிள்ளை ஆனது என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆனால் மச்சினன் என்பதால் அப்பா மாமாவை எப்போதுமே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார். அப்படியானால் நான் பிறந்தபோதே முடிவாகிவிட்டதா? பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் கல்யாணமாம். நான் நர்சிங் படிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தண்ணீர் கொடுக்கப் போனேன். "மாமா" என்று கூப்பிட வாய் வரவில்லை. செம்பை அவர் முன்னால் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"வெக்கத்தப் பாரு" என்று அம்மா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது அது இல்லை.