கழுதையும் கண்ணை மூடும் காற்று

சங்கரன்கோவில்,
27-7-53

அன்பு மகள் வள்ளித்தாய்க்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் பட்டணத்தில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆடிக் காற்றுதான் ஆளைப் படுத்துகிறது, பஸ் ஆபீசில் நான் டிக்கெட் கிழிப்பதற்குள் மேஜைக் காகிதமெல்லாம் புளியங்குடிக்குப் போய்விடுகிறது. நீ எழுதிய காற்றுக் கவிதையும், அதை உன் தமிழ் ஆசிரியை திருத்திக் கொடுத்த பிரதியும் கிடைத்தன. அடுத்த வெள்ளிக்கிழமை தமிழ் மன்ற விழாவில் எதை வாசிப்பது, உன்னுடையதையே வாசிப்பேன் என்றால் மேடையே கிடைக்காமல் போகுமோ என்று கேட்டிருக்கிறாய்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், முதலில் நானும் உன் ஆசிரியை கட்சிதான். ‘மெல்ல வந்து மேனி தழுவி, முல்லை மணத்தை முகந்திடும் காற்றே’ என்று எதுகை பிசகாமல் அகவல் நடையில் அடக்கமாக எழுதியிருக்கிறார்கள். நீயோ ‘புழுதி கிளப்பிப் புகுந்தது காற்று, கழுதையும் கண்ணை மூடிடும் காற்று’ என்கிறாய். புழுதிக்குக் கழுதை எதுகை, புகுந்தது மோனை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இயற்கைப் பாட்டில் கழுதையா என்று நானே பென்சிலால் அடித்துக் குதிரை என்று போட்டேன். எதுகை போயிற்று, சிரிப்பும் போயிற்று.

நேற்று மத்தியானம் காற்று சற்று ஓய்ந்திருந்தது. அம்மா சுளகில் மாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இரண்டையும் வாசித்துக் காட்டினேன். ஆசிரியையின் பாட்டைக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, இது எந்த ஊருக் காத்து என்று கேட்டாள். பிறகு உன்னுடையதை எடுத்தேன். உன் சந்தம் என்னை மூச்சுவிட விடவில்லை, ஓட்டமாக ஓடுகிறது. நாலாவது அடியில் நிமிர்ந்து பார்த்தால், உன் அம்மா முந்தானையை இழுத்து மாவை மூடிக்கொண்டிருக்கிறாள். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. பிறகு தானே கவனித்து வெட்கப்பட்டு, எம்புள்ள என்னையே ஏமாத்திட்டாளே என்று சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, குதிரையை அழித்துவிட்டுக் கழுதையையே திரும்பப் போட்டேன்.

ஆகவே மகளே, உன்னுடையதையே வாசி. ஆசிரியையிடம் பணிவாகச் சொல், அவர்கள் உன் நன்மைக்குத்தான் திருத்தினார்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் மேடை போகட்டும், நாங்கள் ஒன்றும் வருத்தப்பட மாட்டோம். வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி. கோமதியம்மன் உன் நாவில் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, மேடையில் உன்னை வெறும் வள்ளித்தாய் என்று கூப்பிட விடாதே, சங்கரன்கோவில் வள்ளித்தாய் என்று சொல்லச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆறுமுகச்சாமி