அடைக்கோழியும் வெள்ளைக் கல்லும்

என் காமாட்சிக்கு,

உன் மாமியார் காதுபட உன் கதையை நான் ஏன் விளக்கினேன்? ஆறு வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

கதை ஒரு பக்கம்தான். அடைக்கோழியின் முட்டைகளை எடுத்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கோழிக்கு வைத்துவிடுகிறாள் வீட்டுக்காரி. முட்டை இருந்த இடத்தில் இந்தக் கோழிக்கு ஒரு வெள்ளைக் கல்லை வைக்கிறாள். கோழி இரையெடுக்காமல் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் குஞ்சுகளின் சத்தம் வாய்க்காலைத் தாண்டிக் கேட்கிறது. அவ்வளவுதான்.

நீ படித்துக் காட்டியதும் உன் மாமியார் சிரித்தார். "கோழிக்கெல்லாம் கதையாடி? போயி கொழம்ப வை." அந்தச் சிரிப்புதான் உனக்குக் காவல். எம்.ஏ. படித்த எனக்கு அது பொறுக்கவில்லை.

"அது கோழி இல்லைங்க. அடுத்த வருஷம் வர்றேன்னு சைகோன்லேருந்து உங்க மகன் எழுதற கடுதாசிதான் அந்தக் கல்லு. குஞ்சு பொரிச்சது அங்கே. கல்லை வச்சது யாருன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

"அக்கா, கோழின்னா கோழிதான், விடுங்க" என்றாய் நீ, அவசரமாக.

அன்றைக்கே உன் நோட்டு அடுப்புக்குப் போனது. நீ பெட்டியோடு கோட்டுச்சேரிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாய். அண்ணி உனக்கு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இடம் கொடுத்தாள். இரண்டு மழைக்காலம் தாங்கினாய்; மூன்றாவதற்கு நீ இல்லை.

நான் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது சொன்னாய்: "அர்த்தம் தெரியாமயா எழுதினேன்? வெளியில சொல்ல முடியாததாலதானே அக்கா, கோழியை எழுதினேன்?" குறியீடு பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. உன் புருஷனும் திரும்பிவிட்டார், சைகோனில் பிறந்த பத்து வயது மகளோடு. நன்றாகத் தமிழ் பேசுகிறாள். உன் மாமியார் அவளை மடியில் சாய்த்துத் தலை வாரிவிடுகிறார். என்னிடம் தப்பியிருந்த உன் கதையின் படியை நாளை வாசகசாலையில் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன் புருஷனும் வருகிறாராம்.

படிப்பேன். ஒரு வார்த்தைகூட விளக்க மாட்டேன். சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா.

மறுநாள்: படித்தேன். முன்வரிசையில் உன் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோழின்னா அவளுக்கு உசிருங்க" என்றார். விளக்கினேன், எதையும் விடாமல். கை தட்டினார்கள். தட்டல் ஓய்ந்ததும் அந்தப் பெண் அவர் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கத்துன குஞ்சு நானா?"