கண்ணாடி பாயின் மனையும் என் தையல் மெஷினும்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் தினம் ஒரு சண்டை போடத் தெம்பு இருக்கிற அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே தெம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரித்ததுமே கவனித்திருப்பாய், வரிகள் எல்லாம் நேராக இருக்கின்றன. போன கடிதத்தில் எழுத்து மாடிப்படி ஏறி இறங்குகிறது என்று கிண்டல் செய்தாயே, அது என் கை செய்த வேலை இல்லை, மூக்கின் மேல் இருந்த கண்ணாடி செய்த வேலை. இப்போது புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அது வந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். போனில் சொன்னால் நடுவில் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்வாய், கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது பார்.

தெருமுனைக் கண்ணாடிக்கடை பாயை உனக்குத் தெரியும், உன் முதல் கண்ணாடியே அவர் போட்டதுதான். அவரிடம் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒன்று வாங்கினேன். போட்ட நாளிலிருந்து இல்லாத படியெல்லாம் தெரிகிறது, இருக்கிற படி தெரியமாட்டேன் என்கிறது. சட்டைக்குக் கை வெட்டினால் ஒன்று முழங்கைக்கு மேலே, ஒன்று கீழே. போய்க் கேட்டதற்கு, கொஞ்ச நாள் போகட்டும்க்கா, கண்ணு பழகிடும் என்றார். என் கண்ணு பழகும் பாய், என் வாடிக்கைக்காரங்க பழகுவாங்களா என்று கேட்டுவிட்டு வந்தேன். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. கடை வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அதிலும் ஒரு கஷ்டம், அந்தக் கண்ணாடியோடு முகத்தைத் திருப்பினால் நேராக விளக்குக் கம்பத்தில் போய் முட்டுகிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாயும் அவருடைய ஆட்களும் சேர்ந்து தெருக் கடைசியில் இருந்த காலி மனையை வாங்கினார்கள், பல் டாக்டர் வீட்டுச் சுவரை ஒட்டி, நீ சைக்கிள் பழகி விழுந்து வாருவாயே, அதே மனை. சின்னதாக ஒரு பள்ளிவாசல் கட்ட வேண்டும் என்று வரைபடம் போட்டு நகராட்சியில் கொடுத்திருந்தார்கள். இத்தனை நாளும் அவர் கடைக்கு மேலே இருக்கிற அறையில்தான் தொழுகை. வெள்ளிக்கிழமை இடம் போதாமல் மாடிப்படி வரை நிற்பார்கள், ஒரு பெரியவர் படியில் குனிய முடியாமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே தொழுவார். மழை வந்தால் செருப்பெல்லாம் மிதந்து நம் வீட்டு வாசலுக்கு வரும், வந்து தேடி எடுத்துப் போவார்கள், பாவமாக இருக்கும்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் யார் என்பது உனக்குத் தெரியும். வேறு ஒருவரும் ஒப்புக்கொள்ளாததால் தலைவரானவர் உன் அப்பா, ஆனால் நடை மட்டும் நாடாளுமன்றத்துக்குப் போகிற நடை. மேஜை மேல் தட்டுகிற மணி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார். கூட்டம் வழக்கம்போல நம் முன்னறையில், என் மெஷின்களுக்கு நடுவில். பல் டாக்டர் எழுந்து, சத்தம் வரும், என் பேஷண்டுங்களுக்குத் தொந்தரவு என்றார். அவருடைய பேஷண்டுகள் போடுகிற அலறல் தெரு முழுக்கக் கேட்கிறது, அவருக்கு மட்டும் கேட்காது போல. டியூஷன் டீச்சர் வண்டி நிறுத்த இடம் இருக்காது என்றார். எதிர்வீட்டு ரிட்டயர்டு சார், உன் பந்துக்கு ஜன்னலைப் பறிகொடுத்தவர், கண்ட வெளியாளுங்களும் வருவாங்க என்றார். பள்ளிவாசல் வேண்டாம் என்று மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பாய் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் அல்லவா, நாளைக்கு அவரிடமே போய்க் கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாட்ட வேண்டுமே. பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், மனை எங்களுது, தொழுகை எங்களுது, இதுல ஓட்டு எங்கேருந்து வந்துச்சு என்று. பெரும்பான்மைன்னு ஒண்ணு இருக்கே பாய் என்று அப்பா மணியைத் தட்டினார். நான் மெஷினை நிறுத்தாமலே, இவரு போட்டுக் கொடுத்த கண்ணாடி கண்றாவி, அது வேற விஷயம், மனை அவருது, கட்டிட்டுப் போகட்டும் என்று சொல்லிக் கையைத் தூக்கினேன். என் கையோடு இன்னும் சில கைகள் எழுந்தன, மற்றதெல்லாம் அந்தப் பக்கம்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். தீர்மானத்தில் பள்ளிவாசல் என்ற சொல்லை எழுத எல்லாருக்கும் கூச்சம். அப்பா இருக்கிற புத்தியை எல்லாம் திரட்டி, இத்தெருவில் யாரும் தம் சொந்த இடத்தில், அன்றாடம் வெளியாட்கள் வந்துபோகும் எதையும், பெரும்பான்மையோர் சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்று எழுதினார். யாரு மனசும் புண்படாம எழுதிட்டேன் பாத்தியா என்று என்னிடம் பெருமை வேறு. எல்லாரும் கைதட்டினார்கள். தீர்மானம் நகராட்சிக்குப் போனது, பாயின் வரைபடம் அங்கே ஒரு அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

எதிர்வீட்டு சாருக்கு என் மெஷின் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று வெகுநாள் மனக்குறை. தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு, அந்த வரியில் விரலை வைத்தபடியே வந்துவிட்டார். டெய்லர் கடைக்கும்தான் தினம் வெளியாளுங்க வராங்க, சம்மதம் வாங்கினீங்களா தலைவரே என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, அது உங்களுக்கும் எங்களுக்கும் எழுதினது இல்ல சார் என்றார். அப்ப யாருக்காக எழுதினதுன்னு அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க என்றார் சார். உன் அப்பா பேனா தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். விஷயம் தெருவெல்லாம் பரவியது. பிள்ளைகள் சைக்கிளைத் தன் வாசலில் போடுகிறார்கள் என்று டாக்டர் டீச்சர் மேல் புகார் கொடுத்தார், அலறல் சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று டீச்சர் டாக்டர் மேல் கொடுத்தார். மறுபடியும் கூட்டம். ஓட்டில் டியூஷன் விழுந்தது, பல் ஆஸ்பத்திரி விழுந்தது, போன தடவை ஒன்றாகத் தூக்கிய கைகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துத் தூக்கிக்கொண்டன. அப்புறம் என் முறை. பாதிக்குப் பாதி வந்து நின்றது. தலைவருக்கு ஓட்டுக் கிடையாது என்பது அப்பாவே போட்ட விதி. பாக்கி இருந்தது பாய் ஒருவர்தான். அந்த மனிதர் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரும்பான்மை சம்மதம் கிடைக்கவில்லை, கடை மூடப்பட வேண்டும் என்று அப்பா அறிவித்தார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம், சமையலுக்கு இந்த வீட்ல பெரும்பான்மை கிடைக்கல, தலைவருக்கு ஓட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேன், ஆனால் மெஷின் மேல் துணியைப் போட்டு மூடியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் படிப்பும் இந்த வீட்டுக் கூரையும் அதில் தைத்துத் தைத்து வந்தவை. என் வீட்டுக்குள் நான் செய்கிற வேலை யாரோ கையைத் தூக்கினால் போய்விடுமா?

காலையில் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். உங்களுக்கு நான் கை தூக்கினேனே, எனக்கு ஒரு கையைத் தூக்க உங்களால முடியலையா, சுளுக்கா என்று கேட்டேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார், உங்க வீட்ல நீங்க தைக்க என் சம்மதம் எதுக்குக்கா, இன்னிக்கு நான் தூக்கினா, நாளைக்கு இறக்கவும் எனக்கு உரிமை இருக்குன்னு ஆயிடும்ல என்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோபம் மட்டும் போகவில்லை, ஒரு கைதானே, தூக்கியிருந்தால் என்ன குறைந்துபோகும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அவர் சொன்னதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். தானே சட்டைக்கு இஸ்திரி போட்டு, காலரைக் கருக்கி, அதையே மாட்டிக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பினார். தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கறோம் என்றதும் அங்கிருந்த இன்ஜினியர் பெண், தெருவில் எல்லாரும் மனசு மாறிட்டாங்களா சார் என்று கேட்டிருக்கிறாள். இல்லம்மா, இப்ப கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லுவாங்க, என் பொண்டாட்டி மெஷினையும் வேணாம்னுட்டாங்க, கேட்டதுதான் தப்பு என்றாராம். அவள் சிரித்துவிட்டு, இத்தனை பேர் சொல்றாங்களேன்னு நாங்களும் தயங்கிட்டோம், நாங்க பார்க்க வேண்டியது வடிகாலும் சுவருக்கு விட்ட இடைவெளியும்தான் என்று வரைபடத்தை எடுத்திருக்கிறாள். அனுமதி வந்தது. கட்டிடமும் எழுந்துவிட்டது. டீச்சர் இன்னும் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைச் சுளிக்கிறார், டாக்டர் சுவரைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொண்டார். பிடிக்காமல் இருப்பதும் அவரவர் சொந்தச் சொத்துதானே, அவரவர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். டியூஷனும் பல் ஆஸ்பத்திரியும் மறுபடி திறந்துவிட்டன, என் மெஷினும் ஓடுகிறது. சாருக்காக அதன் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து உள்பக்கமாக நகர்த்திப் போட்டேன், முதலிலேயே வந்து கேட்டிருந்தால் அப்போதே செய்திருப்பேன். அந்தப் பெரியவர் இப்போது சமதரையில் தொழுகிறார், அவர் செருப்பும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அப்பா பதவியை விட்டுவிட்டு மணியை என் வெட்டு மேஜை மேல் வைத்திருக்கிறார், வாடிக்கைக்காரர்கள் வந்தால் தட்ட.

கண்ணாடிக்கு வருகிறேன். பெண்கள் தொழுகிற பகுதி வாசலுக்குத் திரை வேண்டும் என்று பாய் துணி கொண்டுவந்து கொடுத்தார். அவர் போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டே வெட்டினேன், தைத்தேன், மாட்டியும் கொடுத்தேன். ஒரு ஓரம் தரையைப் பெருக்குகிறது, மறு ஓரம் முழங்காலில் நிற்கிறது. பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாளே புதுசு வந்தது, பழகுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. போட்டுப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது, திரையைக் கொண்டாங்க பாய், பிரிச்சுத் தைச்சுத் தரேன் என்றேன். அவர் மெதுவாக, வர்றவங்கள்ல பெரும்பான்மை கோணல்னுதான் சொல்றாங்கக்கா, கை தூக்கச் சொல்லட்டுமா என்றார். வாசல் உங்களுது, திரை உங்களுது, இதுல என்னை எதுக்குக் கேக்கறீங்க என்றேன். அன்றிலிருந்து திரை கோணலாகவே தொங்குகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வருகிறது.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல், யார் சம்மதமும் கேட்காமல் சிரித்து வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசீர்வாதம். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் சட்டை அளவை மறக்காமல் அனுப்பு, இனிமேல் இரண்டு கையும் ஒரே நீளத்தில் வரும். அங்கே எந்தக் கூட்டத்திலாவது கையைத் தூக்கச் சொன்னால், அந்தக் கைகளை எண்ணி முடிவு செய்யப்போவது யாருடைய வீட்டை என்று ஒரு தடவை கேட்டுக்கொள்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா
(அப்பாவும் பக்கத்திலிருந்து மணி தட்டுகிறார், அவர் அன்பும் சேர்த்து)