அளவுச் சீட்டின் முன்பக்கம்

செல்லக்குட்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிறதும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, நானும் இருக்கிறேன். போனில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், நீ "ரத்தம் கம்மிதானேம்மா, மாத்திரையை ரெண்டா போட்டுக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். நீ இருக்கிற நாட்டுக்கே வேலைக்குப் போகிற எதிர்வீட்டு நர்ஸ் நாளை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுக்கிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

படியேறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டேன், ரத்தம் ஒன்பதரையிலேயே நின்றது. எதோடு போடுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். தையல் கம்பெனியில் பதினொரு மணி பெல் அடித்ததும் டீயோடுதான், தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றால் இடைவேளையே முடிந்துவிடும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார், டீ இரும்பை உடம்பில் சேரவிடாதாம். டீயை விட்டேன், அது இல்லாத எரிச்சலில் இரண்டு மாதம் நானும் அப்பாவும் எலியும் பூனையுமாக இருந்தோம், அப்போதும் அதே ஒன்பதரை. பிறகுதான் உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தார்கள், குறைவே இல்லையாம், சிவப்பணுக்கள்தான் பொடிசு பொடிசாக இருக்கின்றனவாம். ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கிற இன்னொரு சோதனை செய்துவிட்டு, இது தலசீமியா, பரம்பரையாக வருகிற ரத்தக் குறை என்றார். எனக்கு இருப்பது அம்மா அப்பா இருவரில் ஒருவர் வழியாக மட்டும் வந்த ஒருபக்கத்துக் குறைதான், கூடவே பிறந்தது, ஆளை ஒன்றும் பண்ணாது, மாத்திரையே வேண்டாம் என்றார். அப்பாடா என்று எழுந்தேன். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரே பெண், மாசமாக இருக்கிறாள் என்றேன். மாப்பிள்ளை யார் என்றார். என் அண்ணன் மகன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் இந்தக் குறை இருந்தால், பிறக்கிற குழந்தைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பாம். அப்படி வந்தால் மாசாமாசம் ரத்தம் ஏற்ற வேண்டும். உன் மாமனாரைத் தெரியுமே, வெளுத்த முகத்துக்காக ஊரே "சுண்ணாம்பு" என்று கூப்பிடுகிற என் அண்ணன், ஊசி என்றதும் ஓடினார், சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நேற்று முடிவு வந்தது. அவருக்கும் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "நானே அவன்கிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன்" என்கிறார், நேற்றிலிருந்து அந்தப் பக்குவம் வந்தபாடில்லை. உன் அப்பாவோ "புள்ளத்தாச்சிய பயமுறுத்தாத" என்கிறார். பயமுறுத்தாமல் இதை எப்படியடி சொல்வது? வெளியில் எதற்கு, சொந்தத்திலேயே முடிப்போம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தானே.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் நீ சோர்ந்து சோர்ந்து விழுகிறாய் என்று ரத்தம் எடுத்தோம், நான் டானிக்காக வாங்கி ஊற்றினேன், ஞாபகம் இருக்கிறதா? நேற்று பழைய அளவு நோட்டைக் குடைந்தபோது அந்த ரத்தச் சோதனைச் சீட்டு விழுந்தது. பின்பக்கம் என் கையெழுத்தில் உன் பள்ளிக்கூடச் சட்டை அளவு, மார்பு இருபத்தாறு, கை எட்டு. முன்பக்கத்தை நேற்றுதான் படித்தேன். சிவப்பணு மிகச் சிறியது, பெற்றோரையும் சோதிக்கவும் என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு என் கண்ணில் பட்டது காகிதத்தின் வெறும் பக்கம் மட்டும்தான். உனக்கும் இது இருக்கலாம் என்று அன்றே தெரிந்திருக்கும், பதினாறு வருஷம் போய்விட்டது. என்னை மன்னித்துவிடு.

அந்தச் சீட்டையும் என் சோதனை முடிவையும் இதற்குள் வைத்திருக்கிறேன். கையில் கிடைத்த அன்றே இரண்டு பேரும் சேர்ந்து போங்கள், வேலை இருக்கிறது அது இது என்று தள்ளாதே. இருவருக்கும் இருந்தால் வயிற்றில் இருக்கிறதையும் சோதிக்கலாமாம், ஆனால் அதற்கு நாள் கணக்கு உண்டாம், உனக்கு மூன்றாம் மாதம் முடியப் போகிறது. மாத்திரையை நீயாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், அங்கே டாக்டரைக் கேள்.

பாப்பாவுக்கு மல் துணியில் நாலு சட்டை வெட்டி வைத்தேன். நேற்றிலிருந்து அந்த நாலும் தைக்காமலே கிடக்கின்றன. முடிவு எதுவானாலும், நீங்கள் என்ன முடிவெடுத்தாலும், நான் உன் பக்கம்தான்.

இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி இருங்கள். சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்து அழுதுகொண்டு உட்காராதே, முன்பக்கத்தை டாக்டரிடம் காட்டு.

போனைக் கையைவிட்டு இறக்காமல் இருக்கும்,
உன் அம்மா