குடிக்காமல் வைத்த கோப்பை

கரக், ஜோர்டான்,
ஞாயிறு காலை

அன்புள்ள அபூ சனத் அவர்களுக்கு,

ருதைனா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீங்கள் குவைத்துக்குப் போன நாளிலிருந்து இந்த வரியைப் பழக்கத்தில் எழுதிவந்தேன். இந்த முறை பரிசோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதனால் அதில் சின்னத் திருத்தம் இருக்கிறது. பயப்படாமல் படியுங்கள், செய்தி நல்ல செய்திதான்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உடம்பு என்று ஆரம்பித்தால் நீங்கள் "சரி சரி, பாக்கலாம், ரீமாகிட்ட குடு" என்று தப்பித்துவிடுவீர்கள். காகிதத்திடம் அது நடக்காது. தக்காளி லாரியோடு வரும் துர்க்கியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உலர்ந்த தயிர்க் கட்டி நான்கும், ஏலக்காய் சேர்த்து இடித்த காபித்தூள் ஒரு பொட்டலமும் இருக்கும்.

சனத் தேர்வுக்கு ஒழுங்காகப் படிக்கிறான். ரீமா கணக்கில் மட்டும் என்னைக் கொல்கிறாள். கொல்லையில் வாதுமை மரம் பூத்து முடிந்து பிஞ்சு விட்டிருக்கிறது. நீங்கள் இருந்தால் இந்நேரம் உப்பைத் தொட்டுப் பாதி மரத்தைத் தின்றிருப்பீர்கள்.

இனி உங்கள் அண்ணன் விஷயம். கலஃப் அண்ணனின் கால் கட்டைவிரலில் ஒரு காயம் என்று இரண்டு மாதத்துக்கு முன் சொன்னேனே, நினைவிருக்கிறதா? அவர் ஓட்டும் மினிபஸ்ஸின் படிக்கட்டுத் தகரம் கிழித்தது. சின்னக் கீறல்தான். ஆனால் ஆறவே இல்லை. உங்கள் அண்ணி நஜ்லா அக்கா தேன் தடவிப் பார்த்தார், மஞ்சள் வைத்துக் கட்டிப் பார்த்தார். அம்மானுக்கு ஒருமுறை போய்வருவதற்குள் அண்ணன் சிறுநீருக்கு ஒதுங்க மூன்று இடத்தில் வண்டியை ஓரங்கட்டுகிறார் என்று பயணிகளே கேலி பேச ஆரம்பித்தார்கள். தாகத்துக்குச் சர்க்கரை போட்ட தேநீர், தேநீருக்குத் துணையாகச் சிகரெட், இரண்டுக்கும் நடுவே ஸ்டியரிங். உங்கள் அப்பாவின் கடைசி இரண்டு வருடத்தை நானும் நஜ்லா அக்காவும்தான் பார்த்துக்கொண்டோம். ஒரு காலோடு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை நீங்கள் விடுமுறைகளில் பார்த்தீர்கள். நாங்கள் தினமும் பார்த்தோம். அதுவும் ஒரு விரலில்தான் ஆரம்பித்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஹியாம் போன மாதம் வீடுவீடாக வந்தார். நாற்பது தாண்டிய எல்லாருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, இடுப்பளவு. ஒரு தாளில் கேள்விகளும் உண்டு. புகைப்பீர்களா, வாரத்தில் எத்தனை நாள் நடப்பீர்கள் என்றெல்லாம். நம் தெருவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். ஆண்கள் எல்லாருக்கும் திடீரென்று கடைவீதியில் வேலை வந்துவிட்டது. நம் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார். முதல் முறை அண்ணன், "எங்க வீட்டு ரத்தம் இரும்பும்மா, உன் ஊசி வளைஞ்சிரும்" என்று சிரித்து அனுப்பினார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை. "நோய் இருக்கான்னு தேடினா இருக்கத்தான் செய்யும். தேடாதவனுக்கு ஒண்ணும் இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார். படியிறங்கும்போது ஹியாம் என்னிடம், "டீச்சர், அவரு நடக்கிறதப் பாத்தீங்களா? காலை ஓரமா வெச்சு நடக்கிறாரு. இன்னும் ஒரு மாசம் விட்டா என்கிட்ட வர மாட்டாரு, நேரா அறுவை டாக்டர்கிட்டதான் போவாரு" என்றார்.

அன்று முழுக்க எனக்குப் பாடமே ஓடவில்லை. கணையத்தின் படத்தைக் கரும்பலகையில் இருபது வருடமாக வரைகிறேன். என் வீட்டு மாடியில் இருப்பவரின் விரலைக் காப்பாற்ற அந்தப் படம் உதவாது. அண்ணனிடம் அறிவைச் சொல்லிப் பயனில்லை. அவர் மானத்துக்குத்தான் கட்டுப்படுவார். இந்த எண்ணம் வந்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஹியாமை அழைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆமாம், யோசனை என்னுடையதுதான். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மாடி வரவேற்பறையில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் சித்தப்பா மகன்கள், பக்கத்து வீட்டு அபூ நிம்ர், இன்னும் சிலர். அண்ணன் வழக்கம்போலத் தானே கெண்டியைப் பிடித்துக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஹியாம் பெட்டியோடு நுழைந்து சலாம் சொல்லி உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்தவரை எப்படி விரட்டுவது? அண்ணன் முறைத்தபடியே அவருக்கும் ஊற்றினார். ஹியாம் கோப்பையை வாங்கினார், உதட்டருகே கொண்டுபோகாமலே தனக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், அது ஆகும்வரை உன் வீட்டுக் காபியைத் தொடமாட்டேன் என்று சொல்ல நம் ஊரில் வேறு வார்த்தை வேண்டியதில்லை. பெண் கேட்க வரும் பெரியவர்கள் அப்படி வைப்பார்கள், கொலைப் பகையைத் தீர்க்க வருபவர்கள் வைப்பார்கள். ஒரு நர்ஸ் வைத்து யாரும் பார்த்ததில்லை. அபூ நிம்ரின் தொண்டையில் காபி அப்படியே நின்றுவிட்டது. ஆறிய கோப்பையோடு விருந்தாளி எழுந்து போனால் அந்த வீட்டுக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். உங்கள் குடும்பத்து ஆண்களின் அந்தப் பெருந்தன்மை எனக்கு எப்போதும் பிடிக்கும், அதை நம்பித்தான் திட்டமும் போட்டேன். என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. "காபியக் குடிம்மா. நீ எதுக்கு வந்தியோ அது முடிஞ்சுது" என்றார். நிலையத்துக்கு ஒரு நாள் மினிபஸ்ஸைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தாராம்.

ஹியாம் நிதானமாகக் குடித்தார், கோப்பையை அசைத்துப் போதும் என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறந்து, "உங்க விரலக் குடுங்க, அபூ ராகான்" என்றார் அண்ணனிடம்.

கூரை பறக்கும் அளவுக்குச் சிரிப்பு. அண்ணனின் முகம் சிவந்துபோனது. "இது மோசடி! இது பொண்ணு கேக்கறதுக்கும் ரத்தப் பழி தீக்கறதுக்கும் உள்ள வழக்கம்!" என்றார். "நானும் ரத்தந்தான கேக்குறேன், அண்ணே. ஒரு சொட்டு" என்றார் ஹியாம். "வாக்கு குடுத்தாச்சு கலஃப், இனி கைய மடக்க முடியாது" என்று அபூ நிம்ர் குதித்தார். அண்ணன் சுற்றிலும் பார்த்தார். கதவோரம் நின்ற என்மேல் கண் நின்றது. உடனே புரிந்துகொண்டார். "இது எங்க ருதைனா டீச்சரோட மூளை. சரி, நான் தர்றேன். ஆனா டீச்சர் முதல்ல. அப்புறம் நான். அப்புறம் இந்தா பல்லக் காட்டுற நீங்க அத்தனை பேரும். ஒருத்தன் எந்திரிச்சாலும் செருப்பு பறக்கும்!"

நான் சந்தோஷமாக முன்னால் போய் உட்கார்ந்தேன். பள்ளியில் வேலை என்று தெருவிலுள்ள பெண்களின் வரிசையில் நான் உட்காரவில்லை, எனக்கு என்ன இருக்கப்போகிறது என்றிருந்தேன். சர்க்கரை சரியாகவே இருந்தது. ரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு நூறு. ஹியாம் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதேதான். அறையில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். புகைப்பீர்களா, டீச்சர்?

இங்கேதான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடமாக வியாழக்கிழமை மாலைகளில் சக ஆசிரியைகளோடு ஹூக்கா பிடித்துவந்தேன். ஆப்பிள் வாசனைப் புகை, அது சிகரெட் மாதிரி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாணவிகளுக்கு அப்படிச் சொல்லித்தர மாட்டேன். எட்டு ஆண்கள் முன்னால் "ஆமாம்" என்றேன். அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நகரு, என் முறை" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லுக்காக அவரை என்றைக்கும் மறக்கமாட்டேன்.

அவருக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டு.

அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு நானும் அவரும் நஜ்லா அக்காவும் நிலையத்துக்குப் போனோம். டாக்டர் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல சமயத்துல வந்தீங்க" என்று மட்டும் சொன்னார். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. காயம் சுருங்கி ஓரத்தில் புதுத்தோல் வந்துவிட்டது. தினமும் கட்டு மாற்றும்போது அண்ணன் அதை ஏதோ தான் சாதித்த மாதிரி எல்லாருக்கும் காட்டுகிறார். ஒரு பாக்கெட்டிலிருந்து நான்கு சிகரெட்டுக்கு வந்திருக்கிறார். நஜ்லா அக்கா எண்ணிக்கொடுக்கிறார். தேநீரில் சர்க்கரை இல்லை. முதல் வாரம் "இது தேநீரா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கத்தினார், இப்போது பழகிவிட்டது. எனக்கு இன்னும் இரண்டு நாள் வரவழைத்து அளந்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார்கள். நானும் அக்காவும் விடியற்காலையில் கோட்டைச் சாலையில் நடக்கிறோம். மேலே போய் மூச்சு வாங்க நின்றால் கீழே சாக்கடல் மங்கலாகத் தெரிகிறது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்து இதை நான் சும்மா நின்று பார்த்ததே இல்லை. வியாழக்கிழமைகளில் ஆசிரியைகளோடு வெறும் தேநீர்தான். மனசு நிறைவாக இருக்கிறது, உண்மையாகவே.

ஒரே ஒரு குறை. போன மாதம் நீங்கள் இந்த வருடத்திலேயே இரண்டாம் முறை கண்ணாடி மாற்றியதாகச் சொன்னீர்கள். குவைத் வெயிலுக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போதவில்லை என்றீர்கள். அப்போது குளிர்காலம். கம்பெனி மருத்துவர் மூன்று முறை அழைத்தும் நீங்கள் போகவில்லை என்று துர்க்கி வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள். எனக்கு நம்பர் எதுவானாலும் பரவாயில்லை. அண்ணனுடையதைக் கேட்டே நான் மயங்கிவிழவில்லை. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இதை எழுதும் மேசையில் ஒரு கோப்பைக் காபி ஊற்றி வைத்திருக்கிறேன். உங்கள் பொட்டலத்தில் இருக்கும் அதே தூள்தான். இதுவரை தொடவில்லை. உங்கள் அண்ணன் வாய்வார்த்தை சொன்னதுமே ஹியாம் குடித்துவிட்டார். உங்களை எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும் என்பதால், உங்கள் பரிசோதனைத் தாள் என் கைக்கு வந்த பிறகுதான் குடிப்பேன். அதுவரை தினமும் காலையில் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி வைப்பேன். சனத் இப்போதே கேலி செய்கிறான், ரீமா என் பக்கம்.

அல்லாஹ் உங்களை எங்களிடம் முழுதாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், பத்து விரல்களோடும், வாதுமைப் பிஞ்சைத் தேடிப் பறிக்கும் கண்களோடும்.

உங்கள் வீட்டில் காபிக்காகக் காத்திருக்கும்,
ருதைனா