கலாவுக்குக் கொடுத்த ஆறு மாத்திரை

மார்ச் 9, திங்கள்

வெயில். மார்ச்லயே இப்படி. தண்ணி டேங்கர் வரலை. ரெண்டு குடத்துல குளியல், ஊறப் போட்ட துணி அப்படியே.

வாங்கணும்: சோப்பு, பார்லி, இவரோட பிரஷர் மாத்திரை, தாலிச் செயினுக்கு ஒரு ஊக்கு.

ஃபேக்டரியில சட்டைக் காலர் தைக்கிற வேலை. லைன்ல முப்பத்தஞ்சு பொம்பளைங்க, பாத்ரூம் போக மஞ்ச டோக்கன் ஒண்ணே ஒண்ணு. சூப்பர்வைசர் மேஜை ஆணியில தொங்கும். ஒருத்தி போயிட்டு வந்து மாட்டினாத்தான் அடுத்தவ போகலாம். "ஏன்ரீ, எஷ்டு சல ஹோக்தீரா?"ன்னு கன்னடத்துல கேப்பான். எத்தனை தடவை போறோம்னு எண்றதுக்குன்னே பொறந்திருக்கான் மகராசன். அதனால யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. குடிச்சாத்தானே போகணும்? நானும் பதினாறு வருஷமா அதே புத்திசாலித்தனம்தான்.

டோக்கனை மாட்டிட்டு வந்தவ கத்திரிக்கோலால மெஷின் மேல ரெண்டு தட்டு தட்டணும். டக், டக். அடுத்தவ கிளம்பலாம்னு அர்த்தம். கலா தட்டினா தனியாத் தெரியும். ரெண்டாவது தட்டு கொஞ்சம் லேட்டா விழும்.

இன்னிக்குப் பதினோரு மணிக்கு அதே தட்டு. கை நின்னுபோச்சு. ஊசி விரல்ல ஏறியிருக்கும். திரும்பிப் பாத்தா யாரும் தட்டலை. எப்படித் தட்டுவா, அவ போயி எட்டு மாசம் ஆச்சு. அவ மெஷின்ல இப்ப அவ பொண்ணு நந்தினி. தலை குனிஞ்சு தைச்சுட்டிருந்துச்சு.

கலாவோட தண்ணி பாட்டில் இன்னும் ரேக்ல இருக்கு. பச்சை மூடி. யாரும் எடுக்கலை. நானும் எடுக்கலை.

மார்ச் 10, செவ்வாய்

கரண்ட் ரெண்டு தடவை போச்சு. இட்லி மாவு புளிச்சிடுச்சு.

நந்தினி காலையிலேயே மூணு தடவை டோக்கன் எடுத்தா. போயிட்டு வர்றா, உடனே மறுபடி முகம் சுருங்குது. தொடையை இறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்குத் தெரியாதா அந்த உக்கார்ற விதம்.

பின்னால ரெண்டு பேரு பேசிக்கிட்டது: "வெயில் சூடு புள்ளைக்கு. கால் கட்டைவிரல்ல சுண்ணாம்பு தடவச் சொல்லு, நீர்க்கடுப்பு ஓடிப்போயிடும்." "இளநியும் குடிக்கச் சொல்லு." எங்களுக்கு எல்லாத்துக்கும் சூடுதான் காரணம். டோக்கன் காரணமே இல்ல.

சாப்பாட்டு நேரத்துல கேட்டேன். "என்னடி, எரியுதா?"

"ஒண்ணுமில்ல பெரிம்மா."

கலாவும் இதையேதான் சொன்னா. ஒண்ணுமில்லக்கா.

இதை எங்கயும் எழுதினதில்ல. இங்கயாவது எழுதறேன். போன வருஷம் எனக்கும் இந்த எரிச்சல் வந்தது. டாக்டர் பத்து மாத்திரை எழுதினாங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள். ரெண்டாம் நாளே எரிச்சல் போச்சு. நல்லாத்தானே இருக்கு, மிச்சத்தை வீணாக்குவானேன்னு ஆறை எடுத்து வெச்சேன். யாருக்காவது உதவும். எங்க லைன்ல எல்லாரும் அப்படித்தான், ஊசி நூல் மாதிரி மாத்திரையும் கைமாறும். அடுத்த மாசமே கலா எரியுதுன்னா. ஆறையும் குடுத்தேன். டாக்டர்கிட்ட போய் எதுக்குடி லீவு போடறேன்னு நானேதான் சொன்னேன். ரெண்டே நாள்ல சிரிச்சுக்கிட்டே வந்தா. "கைராசிக்காரி அக்கா நீ"ன்னா. அடுத்த வாரம் குளிர் ஜுரம், முதுகு வலி, வாந்தி. ஆஸ்பத்திரியில சேத்தப்ப கிட்னிக்கு ஏறி ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க. "முன்னாடி இதுக்கு ஏதாவது மாத்திரை போட்டாங்களா?"ன்னு அந்த டாக்டர் பொண்ணு எங்க எல்லார் முகத்தையும் பாத்துக் கேட்டுச்சு. கலா புருஷன், "ஜுர மாத்திரை மட்டும்தான் மேடம்"னாரு.

நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் தொறக்கலை.

மூணாம் நாள் போயிட்டா.

மார்ச் 11, புதன்

டேங்கர் வந்துச்சு. தெருவுல சண்டை வழக்கம்போல.

டீ நேரத்துல நந்தினி பக்கத்துல வந்து குசுகுசுன்னா. "பெரிம்மா, அம்மாவுக்கு ஒரு மாத்திரை குடுத்தீங்களே, எரிச்சலுக்கு. அது இன்னும் இருக்கா?"

இவளுக்கு எப்படித் தெரியும்?

"அம்மாதான் சொன்னாங்க. ரெண்டே நாள்ல கேட்டுச்சுன்னு."

அப்ப எட்டு மாசமா இவளுக்குத் தெரியும். நல்லது செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. நான் கத்திட்டேன். "மாத்திரையும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. நாளைக்கு ஆஃப் டே போடு, டாக்டர்கிட்ட போறோம்." பயந்து போயிட்டா பாவம். அவகிட்ட நான் குரல் ஒசத்தினதே இல்ல.

எனக்குப் புள்ளைங்க இல்ல. வாய் நெறைய பெரிம்மான்னு கூப்பிடறது இவ ஒருத்திதான். சொன்னா அதுவும் போயிடும். சொல்லாம இருந்தா அந்த டக் டக் என்னை விடாது. சமையலறையில கரண்டி வெச்சாலும் அதே சத்தமாக் கேக்குது. இவரு கேக்கறாரு, "எதுக்கு சும்மா சும்மா திரும்பிப் பாக்கறே?"

மார்ச் 12, வியாழன்

நீலசந்திரா மெயின் ரோட்டுல லேடி டாக்டர் கிளினிக். ஃபேன் சுத்துது, காத்து இல்ல. எங்களுக்கு முன்ன ஏழு பேரு.

டாக்டர் முதல்ல கன்னடத்துல ஆரம்பிச்சு அப்புறம் தமிழுக்கு வந்தாங்க. ஜுரம் இருக்கா, முதுகு வலிக்குதா, வாந்தி வந்துச்சா? எதுவும் இல்லைன்னா நந்தினி. எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?" காலையில ஒரு டம்ளர், வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர்னா. டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க.

அப்புறம் அந்தக் கேள்வி. "இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டியா?"

நந்தினி பர்ஸைத் தொறந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து வெச்சா. "ரெண்டு இருந்துச்சு. திங்கக்கிழமை ஒண்ணு, நேத்து காலையில ஒண்ணு. அம்மா எனக்குன்னு வெச்சிருந்தது. உனக்கு எப்பவாவது வந்தா போட்டுக்கோன்னு டப்பாவுல மடிச்சு வெச்சிருந்தாங்க."

அட்டைக்குப் பின்னால நீலப் பேனாவுல கோடு. காலை மாத்திரைக்கு ஒரு கோடு, ராத்திரி மாத்திரைக்கு ரெண்டு கோடு. நான் போட்ட கோடு.

நான் நாலு போட்டு ஆறை வெச்சேன். அவ நாலு போட்டு ரெண்டை வெச்சா. ஒரு ஆளு போட வேண்டிய பத்து. மூணு உடம்புக்குள்ள போயிருக்கு, ஒருத்திக்கும் முழுசா இல்ல.

"யாருக்கு எழுதினது இது?"

"அம்மாவுக்கு"ன்னா நந்தினி, என் பக்கம் திரும்பாம.

"எனக்கு"ன்னேன் நான். "எனக்கு எழுதினது, டாக்டர்."

டாக்டர் திட்டலை. அரைகுறையாப் போட்டா எரிச்சல் அடங்கும், கிருமி முழுசா சாகாது, மிச்சம் இருக்கிறது மாத்திரைக்கே பழகிடும்னாங்க. எந்த மாத்திரைக்குக் கேக்கும்னு பாக்க யூரின் கல்ச்சர். ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் வேற மாத்திரை.

சொன்னது, மறக்காம இருக்க:
முழுசாப் போடணும், நல்லாயிட்டாலும்.
தண்ணி. வந்தா அடக்கக் கூடாது.
கழுவறது முன்னாலேருந்து பின்னால.
குளிர் ஜுரம், விலாவுக்குக் கீழ முதுகு வலி, வாந்தி: உடனே ஆஸ்பத்திரி, ஒரு நாள் கூட பொறுத்துப் பாக்கக் கூடாது.
இன்னொருத்தர் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

பஸ் ஸ்டாப்புல நின்னு மிச்சத்தையும் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில வாயைத் தொறக்காததையும்.

டாக்டர் சீட்டை மடிச்சு பர்ஸுல வெச்சா. அப்புறம், "அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன். மாத்திரை விஷயம் எனக்கும் தெரியும். பெரியவங்க நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்"னா.

பஸ் வந்துச்சு. முன்னால போயி தனியா உக்காந்துக்கிட்டா.

மார்ச் 13, வெள்ளி

மேகமா இருந்துச்சு, பெய்யலை. கோயிலுக்குப் போகலை.

நந்தினி வேலைக்கு வந்தா. என்கிட்ட பேச்சில்ல. பத்து மணிக்கு ரேக்குக்குப் போயி அவ அம்மா பாட்டிலை எடுத்தா. கழுவிட்டு வந்து நெறையத் தண்ணி புடிச்சு மெஷின் பக்கத்துல வெச்சு எல்லாரும் பாக்கக் குடிச்சா. சூப்பர்வைசர் "மத்தே ஹோக்தீயா?"ன்னான். மறுபடியும் போறியான்னு. "டாக்டர் சீட்டு இருக்கு, பாக்கறீங்களா?"ன்னா. அவன் செல்ஃபோனைப் பாக்க ஆரம்பிச்சுட்டான்.

திரும்பி வந்து ரெண்டு தட்டு தட்டினா. ரெண்டாவது லேட்டா. அம்மா கை அப்படியே. மூஞ்சியைத் தொடைக்கிற மாதிரி துணியில மறைச்சுக்கிட்டு அழுதேன்.

மார்ச் 14, சனி

ரிப்போர்ட் வந்துச்சு. நான் குடுத்த மாத்திரைக்குக் கேக்காதாம். இப்ப போடறது கேக்குமாம். எரிச்சல் பாதி கொறைஞ்சிருக்கு, இன்னும் மூணு நாள் மாத்திரை இருக்கு. இதெல்லாம் அவளே வந்து சொன்னா, மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு. பெரிம்மான்னு கூப்பிடலை.

"வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

புரியலை எனக்கு.

"மாத்திரை. இத்தனை வருஷத்துல வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க? பேரு எழுதிக் குடுங்க. நான் போய் சொல்றேன்."

நானே சொல்றேண்டின்னேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. அன்னிக்கும் சொல்லலையே."

அடிச்சிருந்தாக்கூட வலிச்சிருக்காது. வீட்டுக்கு வந்து, இவருக்கு டீ போட்டுக் குடுத்துட்டு, உக்காந்து எழுதறேன்.

கலா. ஆறு.
சரோஜா, அயர்னிங். மூணு.
மீனாட்சி, கட்டிங். ரெண்டு.
முபீனா, ஆனேக்கல் பஸ்ல வர்றவ. நாலு. அதுல ரெண்டை அவ தங்கச்சிக்குக் குடுத்தா, அவளையும் கேக்கணும்.
என் நாத்தனார். எத்தனைன்னு ஞாபகமில்ல.

நான் குடுத்ததுல உயிரோட இருக்கிறவங்க நாலு பேரு. நாத்தனாருக்கு இப்பவே ஃபோன். திங்கக்கிழமை சாப்பாட்டு மணி அடிச்சதும், நந்தினி எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, சரோஜாகிட்ட நானே சொல்லணும்.