தாமலுக்குப் போகாத சனிக்கிழமை

புது உபதேசியாரின் மனைவி இன்று காலை ஒரு கட்டு பழைய நோட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "தாத்தா, பரண்ல கெடந்துச்சு. வேணுங்களா? இல்லேன்னா வெந்நீர் அடுப்புக்குப் போட்டுக்கறேன்" என்றாள். பார்த்தேன், என் கையெழுத்து. உபதேசியாராக இருந்த காலத்தில் எந்த நாள் எந்த ஊருக்குப் போனேன், யாரோடு ஜெபித்தேன் என்று வெள்ளைக்கார மிஷனரி துரைக்குக் காட்டுவதற்காக எழுதிவைத்த தினசரிகள். போட்டுக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் பிரித்தேன். சும்மா பிரித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும், தேடித்தான் பிரித்தேன். அந்த வரி அங்கேயே இருந்தது. "சனி. தாமல் போனேன். நோயாளியோடு ஜெபித்தேன்."

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலிரண்டும் வீங்கி, கட்டிலைவிட்டு இறங்கவே யோசிக்கிற நாள் இது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லவேண்டியது இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதால் எழுதுகிறேன்.

"நீங்கள்" என்று எழுதுகிறேனே தவிர, ஆரம்பத்தில் உங்களை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் என்னைவிட நாலு வயது மூத்தவர். தாமல் ஏரியின் மதகைத் திறந்து, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நீர்க்கட்டி. நீங்கள் சேரியில் பிறந்தவர், நான் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில் பிறந்தவன். இரண்டு பேரும் ஒரே துரை கையால் ஞானஸ்நானம் வாங்கினோம். ஆனாலும் அந்த "நீ" என் வாயைவிட்டுப் போகவில்லை. அது ஒரு பாவம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. தோன்றிய பாவங்களே எனக்குப் போதுமானவையாக இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வைத்தியரிடம் மருந்து வாங்கக் காஞ்சிபுரம் வந்து, மிஷன் பள்ளிக்கூட வாசலில் நின்றீர்கள். உங்கள் மனைவி சலோமிக்குப் பத்து நாளாகச் சுரம். மூன்றாம் நாளே பயந்துபோய், அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய பிறகு பயம் இரண்டு பங்காகிவிட்டது.

"சுரம்கூட பெரிசில்ல உபதேசியாரே. 'நான் ரெண்டு எடத்துலயும் இல்லாம பூட்டேன், ஏசுசாமி என்னைத் தள்ளிடுச்சு'ன்னு சொல்லிக்கினே கெடக்குறா. நான் சொன்னா நம்ப மாட்டேன்றா. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றீர்கள்.

நாளைக்கு வருகிறேன் என்றேன். வராமல் இருப்பேனா? அதைச் சொல்வதற்குத்தானே எனக்குச் சம்பளம்? விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்பது நான் தலைகீழாகச் சொல்லக்கூடிய பாடம். குற்றவாளியாக நிற்கிறவனை அவன் செய்ததைப் பார்க்காமல், கிறிஸ்து அவனுக்காகச் செய்ததைப் பார்த்து, குற்றமற்றவன் என்று கடவுள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அந்தத் தீர்ப்பை நம்பினால் போதும், அதற்குமேல் நாம் கட்டவேண்டிய அபராதம் எதுவும் இல்லை. இதை ஐந்து தலைப்பாகப் பிரித்துப் பிரசங்கம் செய்வேன். ஐந்தாவது தலைப்பு, அதனால் வரும் சந்தோஷம். நான்கு முடிவதற்குள் நேரம் ஆகிவிடும். ஐந்தாவதை வேகமாகப் படித்துவிட்டு ஆசீர்வாதம் சொல்லிவிடுவேன்.

சனிக்கிழமை உச்சிவெயிலில் கிளம்பினேன். ஒன்பது மைல். பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். மழை இல்லை, காய்ச்சல் இல்லை, வழியில் யாரும் மறிக்கவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க யார் யாருக்கோ ஆறுதல் சொல்லி நாக்கு தடித்துப்போயிருந்தது. இன்னொரு குடிசையில் குனிந்து நுழைந்து, இன்னொரு முறை அதே வார்த்தைகளைச் சொல்லவேண்டும் என்று நினைத்தபோது எழுந்திருக்கவே முடியவில்லை. திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். துரை திங்கள் காலையில் தினசரியைப் பார்ப்பார் என்பதால் அந்த வரியை எழுதினேன்.

திங்கள் காலையில் நான் கிளம்புவதற்குள் சலோமி இறந்த செய்தி வந்தது.

துரையும் நானும் அவருடைய வண்டியில் வந்தோம். உங்கள் வீட்டில் அவள் கைகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு நான்தான் குனிந்தேன். மணிக்கட்டில் கயிறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் பயந்துகொண்டே செத்திருக்கிறாள். வெள்ளைத் துணியை இழுத்துக் கயிற்றை மூடினேன். குழியருகே துரை உங்கள் தோளைத் தொட்டு, "உபதேசியார் சனிக்கிழமை வந்து அவளோடு ஜெபித்தது பெரிய ஆறுதல், இல்லையா?" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் கையில் குழியில் போடவேண்டிய மண் இருந்தது. "ஆமாங்க தொரை" என்றீர்கள்.

அந்த இரண்டு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது தெரியுமா? என்னைக் காப்பாற்றினீர்களா, காறித் துப்பினீர்களா என்று எனக்கு விளங்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை தாமலுக்கு நடந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் நடந்தேன். மூன்றாவது சனிக்கிழமை, மதகின் மேல் நீங்கள் தனியாக இருந்தபோது சொல்லிவிட்டேன். "அன்றைக்கு நான் வரவில்லை. பாதியில் திரும்பிவிட்டேன்."

"தெரியும் உபதேசியாரே. நாந்தான வூட்ல இருந்தேன்" என்றீர்கள். பிறகு, "வுடுங்க. நான் எப்பவோ மன்னிச்சாச்சு. வாங்க, கூழு இருக்குது, குடிச்சிட்டுப் போலாம்."

நான் வேண்டாம் என்றேன். அப்போதே மனதில் ஒரு தீர்மானம் செய்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தாமலுக்கு நடந்துதான் போவது, வண்டி ஏறுவதில்லை. போய்த் திரும்பும்வரை வாயில் எதுவும் போடுவதில்லை. தாகம் எடுத்தால் ஏரித் தண்ணீர் இரண்டு கை. சொன்னால் உபவாசத்தின் பலன் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து துரையிடமும் உண்மையைச் சொன்னேன். அவர், "முடிந்தது, போங்கள்" என்றார். அவரும் மன்னித்தார், நீங்களும் மன்னித்தீர்கள். நான் மட்டும் அசையவில்லை. ஆறு வருஷம் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஐந்து தலைப்புகளைப் பிரசங்கித்தேன். கிரியைகளினால், அதாவது தன் செயல்களினால், ஒருவனும் நீதிமானாவதில்லை என்று சொல்லும்போது உள்ளங்கால் கொப்புளம் எரிந்துகொண்டிருக்கும். அது எரிவதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள்.

நான் வருகிற சத்தம் கேட்டாலே உங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். செத்தவர் வீட்டுக்கு வருகிற முகத்தோடு வாராவாரம் ஒருவன் வந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்? நீங்கள் மட்டும் விடாமல் கேட்பீர்கள், "கொஞ்சம் சாப்புடலாமே?" நான் விடாமல் தலையை ஆட்டுவேன்.

உங்கள் மகனுக்கு நிச்சயம் ஆனதும் ஒரு சனிக்கிழமைதான். பெண்வீட்டார் கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். நான் ஜெபம் செய்தேன், இரண்டு வீட்டாரையும் ஆசீர்வதித்தேன். இலை போட்டார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அப்போது பெண்ணின் தகப்பனார் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார், யாரையும் பார்க்காமல்: "சாமி முன்னாடி எல்லாரும் ஒண்ணுன்றாரு. சேரி வூட்ல கை நனைக்கிறதுன்னா மட்டும் அவருக்கு ஆவாது போலிருக்குது."

நான் நின்ற இடத்தில் நின்றேன். இலைகளுக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆறு வருஷமாகத் தெரு முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. மதம் மாறிய பிறகு என்னைப் பெற்ற தாய் எனக்கு வீட்டுக்கு வெளியே, மாட்டுக் கொட்டகைப் பக்கம் இலை போட்டவள். அந்தச் சோறு தொண்டையில் எப்படி இறங்கும் என்று தெரிந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஆறு வருஷம் உங்களை அதே இடத்தில் உட்காரவைத்திருக்கிறேன்.

நீங்கள் என் கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

"நெசமா சொல்லுங்க. எங்க வூட்டு சோறு ஆவாதா?"

அழுதுகொண்டே சொன்னேன். உபவாசம் என்றேன். சலோமிக்காக என்றேன். அவள் கையில் கயிற்றைப் பார்த்தேன், பயந்துகொண்டே செத்தாள், என்னால்தான் என்றேன்.

நீங்கள் கரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். கோபம் போய், குற்றம் செய்தவர் மாதிரி முகம் மாறியது.

"அவ பயந்துக்கினு சாவல உபதேசியாரே. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஒங்கள பாத்தேன். வரல. அவ கண்ண முழிச்சு, உபதேசியார் வந்தாரான்னு கேட்டா. வந்தாரு, நீ தூங்கிக்கினு இருந்தே, ஒன்ன மன்னிச்சாச்சுன்னு சொல்லிட்டுப் போனாருன்னு சொல்லிட்டேன். ஒங்க பேர்ல பொய் சொன்னேன். இத எப்புடி ஒங்ககிட்டயே வந்து சொல்றது? அதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

தினசரியில் நான் எழுதியதும் நீங்கள் அவளிடம் சொன்னதும் ஒரே பொய். குழியருகே நீங்கள் சொன்ன "ஆமாங்க தொரை" அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான்.

"சலோமி என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"மன்னிச்சாச்சான்னு ரெண்டு தரம் கேட்டா. ஆச்சுன்னேன். சிரிச்சா. ஞாயித்துக்கெழம கூழு கேட்டு வாங்கிக் குடிச்சா. பக்கத்து வூட்டுப் பொம்பளைங்கள கூப்ட்டு வெச்சிக்கினு, பழைய கதையெல்லாம் சொல்லி ஒரே சிரிப்பு. கயிற அவுக்கணும்னுகூட அவளுக்குத் தோணல, மறந்தே பூட்டா. நீங்க வந்ததுதான் பொய். மன்னிச்சாச்சுன்றது நெசம்தான? நீங்கதான பிரசங்கத்துல சொன்னீங்க?"

நீங்கள் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, இன்னொன்றும் சொன்னீர்கள்.

"அவ ஒரு வார்த்தய கேட்டா, சிரிச்சிட்டா. நான் ஒங்கள மன்னிச்சாச்சுன்னு ஆறு வருசமா சொல்லிக்கினு இருக்கேன். நீங்க மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு நடந்து நடந்து வர்றீங்க. அப்ப என் வார்த்த இன்னா, செல்லாக் காசா?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் துக்கத்தை நான் பக்தி என்று நினைத்திருந்தேன். அது மன்னித்தவரின் வாயை மூடுகிற வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்தாவது தலைப்பை நான் எப்போதும் கூலி மாதிரி நினைத்தேன், முதல் நான்கையும் ஒழுங்காக முடித்தவனுக்குக் கடைசியில் கிடைப்பது என்று. சலோமி முதலில் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். மன்னிப்பை நம்புவதும் சிரிப்பதும் அவளுக்கு ஒரே மூச்சில் நடந்திருக்கிறது.

திரும்பி வந்தோம். நான் பெண்ணின் தகப்பனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மீன் குழம்பு. காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது, நல்லவேளை. சாப்பிட்டு முடித்ததும் உங்கள் வீட்டு மூலையில் பாய் போட்டுப் படுத்தேன். பட்டப்பகல், வீடு நிறையச் சம்பந்திகள், குழந்தைகள் கூச்சல். ஆறு வருஷமாகத் தூங்காதவன் தூங்கினேன். பொழுது சாய்ந்து நீங்கள் எழுப்பி, "வண்டி இருக்குது, ஏறுங்க உபதேசியாரே" என்றபோது மறுபேச்சுப் பேசாமல் ஏறினேன். அன்றிலிருந்துதான் உங்களை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தேன். நீங்கள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு நான் குதித்துக்கொண்டு திரிந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. சுபாவத்திலேயே நான் உற்சாகக்காரன் இல்லை. விடியற்காலையில் விழிப்பு வந்தால் சலோமியின் மணிக்கட்டுதான் முதலில் நினைவுக்கு வரும், இன்றைக்கும். உங்களிடம் நான் பட்ட கடனை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் இப்போது களைப்பு வெறும் களைப்பாக இருக்கிறது. அதை வைத்து எதையும் ஈடுகட்டவேண்டியதில்லை. வயதானவனுக்குக் கால் வலிக்கிறது, வலித்தால் உட்கார்ந்துகொள்கிறேன். என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான் அண்ணே. இதற்குச் சந்தோஷம் என்று பெயர் சொல்லலாமா என்று உங்களிடம் கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று மோட்டாரில் வந்தேன். சபைப் போதகரான ஐயர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்து நின்றேன். ஐந்து தலைப்பில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "இவரையும் மன்னிச்சாச்சு, என்னையும் மன்னிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐயருக்கு அது போதாது என்று முகத்திலேயே தெரிந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். யாருக்கும் உட்கார மனமில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடுவதற்குக் காத்திராமல் நான் போய் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்கு நிச்சயமான அந்தப் பெண், உங்கள் மருமகள், அழுது வீங்கிய முகத்தோடு வந்து பரிமாறினாள். சாப்பிடச் சாப்பிடக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நான் துடைக்கவில்லை. இலை காலியானதும் அவள் குனிந்து, "போதுங்களா மாமா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றேன்.